ஊர் டாக்டரின் நாடிக் குறிப்பு

நம் ஊர்களில் டாக்டர்களைப் பற்றிப் பேசும்போது 'கைராசி' என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். "அவர் பெரிய படிப்புப் படித்தவர்தான், ஆனால் இவருக்குத்தான் கைராசி" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பட்டம், கருவி, கட்டடம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் தோற்றுப் போகும். ஆனால் அந்தக் கைராசி எங்கிருந்து வருகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அது பிறவியிலேயே வாய்த்தது என்று நம்பிவிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நான் கதை எழுதுகிறவன். வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனாலும் வைத்திய சரித்திரத்தில் எனக்கு வெகு நாளாக ஒரு ஆசை உண்டு. கண்டுபிடிப்புகளைவிடக் கண்டுபிடித்த மனிதர்களைத் தேடிப் போவது என் வழக்கம். அப்படித் தேடிக்கொண்டு போனபோது எதிர்ப்பட்டவர் ஜேம்ஸ் மெக்கன்ஸி. கைராசி என்பது உண்மையில் என்ன என்று எனக்கு ஓரளவு விளங்கியது அவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகுதான்.

இருதய வைத்தியம் என்றவுடன் இன்று நம் மனத்தில் தோன்றுவது பளிங்குத் தரை போட்ட ஆஸ்பத்திரியும், பச்சைக் கோடு ஓடும் திரையும், வரிசையாகப் பட்டங்கள் எழுதிய பலகையுமே. ஆனால் இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகிற மெக்கன்ஸிக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அவர் பேராசிரியர் அல்ல. பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிக் கூடம் அவருக்கு இல்லை. சர்க்கார் மானியமும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, பர்ன்லி என்ற மில் ஊரில், 28 வருஷம் வீடு வீடாகப் போய்ப் பிரசவமும் ஜுரமும் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண டாக்டர் அவர்.

ஸ்காட்லாந்தில் ஸ்கோன் என்ற ஊருக்கு அருகே, ஒரு விவசாயியின் வீட்டில், 1853-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லும்படியான மாணவர் அல்ல. தாம் மந்தம் என்றே அவர் தம்மைப் பற்றி நினைத்திருந்தார். சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு, பெர்த் நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். வேலையில் கெட்டிக்காரராக இருந்ததால் கடைக்காரர் அவரைப் பங்குதாரராகவே சேர்த்துக்கொள்ள முன்வந்தார். நம் வீடுகளில் என்றால் சத்திய நாராயண பூஜை செய்து ஒப்புக்கொண்டிருப்பார்கள். மெக்கன்ஸி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைக்கு வந்த சீட்டுகளை வருஷக் கணக்கில் படித்துப் படித்து, அந்தச் சீட்டுகளை எழுதுகிறவராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்திருக்கிறது. 1874-ல் எடின்பரோவில் வைத்தியப் படிப்பில் சேர்ந்து 1878-ல் பட்டம் பெற்றார். மறு வருஷமே பர்ன்லிக்கு வந்து, பிரிக்ஸ், பிரவுன் என்ற இரண்டு டாக்டர்கள் நடத்திக்கொண்டிருந்த தொழிலில் மூன்றாமவராகச் சேர்ந்தார்.

பர்ன்லி அப்போது நெசவாலைகளால் வளர்ந்துகொண்டிருந்த ஊர். ஆலைப் புகை, நிலக்கரிச் சுரங்கம், நெருக்கமான வீடுகள். ஆணும் பெண்ணும் தறியில் நின்றார்கள். இப்படிப்பட்ட ஊரில் டாக்டர் தொழில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் வீடுகளுக்குச் சுற்று. மாலையில் டாக்டர் வீட்டு வாசலில் கூட்டம். ராத்திரியில் கதவு தட்டும் சத்தம். இருதய நோய்க்கென்று தனி டாக்டர் என்ற பேச்சே அக்காலத்தில் கிடையாது. பல் வலியானாலும் மார்பு வலியானாலும் ஒரே ஆள்தான்.

அவர் இருதயத்தின் பக்கம் திரும்பியதற்குக் காரணமாக, அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறார்கள். அவர் தொழிலுக்கு வந்த புதிது. இருதய நோய் உள்ள ஓர் இளம் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். பிரசவத்தின்போது இருதயம் தளர்ந்து அவள் இறந்துபோனாள். இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. புஸ்தகங்களைப் புரட்டினார். எந்த இருதயம் பிரசவத்தைத் தாங்கும், எந்த இருதயம் தாங்காது என்று எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை. இருதயத்தில் கேட்கும் சத்தங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். நாடியின் தினுசுகளுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் இந்தச் சத்தம் உள்ளவர் பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஏன் பதில் இல்லை? மெக்கன்ஸி கண்டுகொண்ட காரணம் மிக எளிமையானது. புஸ்தகம் எழுதியவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள். நோயாளி அவர்களிடம் வரும்போது நோய் முற்றியிருக்கும். சில வாரம் படுக்கையில் இருப்பான். பிறகு குணமாகியோ ஆகாமலோ போய்விடுவான். அவன் அதற்கு முன் எப்படி இருந்தான், பின்னால் என்ன ஆனான் என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஒரு நாவலின் நடுவிலிருந்து நாலு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, கதை என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்ல முடியும்? ஆரம்பத்தையும் முடிவையும் பார்க்கக் கூடியவர் ஒருவர்தான்: அதே தெருவில் இருபது வருஷம் நடமாடுகிற ஊர் டாக்டர். ஆனால் அவரோ இதையெல்லாம் எழுதி வைப்பதில்லை.

மெக்கன்ஸி எழுதி வைக்க ஆரம்பித்தார். இதுதான் அவருடைய முதல் கண்டுபிடிப்பு என்பேன். தம்மிடம் வருகிற நோயாளிகளின் நாடியையும் இருதயத்தையும் பற்றிக் குறித்துக்கொள்ளுவது. அதே ஆளை அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுவது. யார் என்ன ஆகிறார்கள் என்று பொறுமையாகக் காத்திருப்பது. இதற்குப் பண உதவி வேண்டியதில்லை. ஆனால் நோயாளிகளின் நம்பிக்கை வேண்டும். வலி ஒன்றும் இல்லாத நாளில், கழுத்திலும் கையிலும் ஏதோ கருவியை வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னபடி கொஞ்ச நேரம் ஆடாமல் இருக்க ஒரு நெசவாளிப் பெண் சம்மதிக்க வேண்டுமென்றால், அந்த டாக்டரிடம் அவளுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்க வேண்டும்! கூட்டாளிகளின் தயவும் வேண்டியிருந்தது. மூன்று பேர் சேர்ந்து நடத்திய தொழிலானதால்தான் ஒருவர் ஓய்வு நேரத்தைத் திருடி ஆராய்ச்சி செய்ய முடிந்தது. தனியே கடை வைத்திருந்தால் ராத்திரிக் கதவுத் தட்டலுக்கே ஆயுசு சரியாய்ப் போயிருக்கும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டு வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பதை நாம் அறிவோம். விரல் உணர்ந்ததை அந்த வைத்தியர் ஒருவரே அறிவார். பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில், நாடித் துடிப்பைப் புகை பிடித்த காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டும் கருவிகள் வந்தன. மெக்கன்ஸி அப்படிப்பட்ட ஒரு கருவியை எடுத்து, அதில் ஒரு மாறுதல் செய்தார். மணிக்கட்டு நாடியோடு கூடவே, கழுத்துச் சிரையின் துடிப்பையும் அதே காகிதத்தில் அதே சமயத்தில் எழுதும்படி அமைத்தார்.

இதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று கேட்கலாம். இருதயத்துக்கு மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மணிக்கட்டு நாடி, கீழறை செய்யும் வேலையை மட்டுமே நமக்குச் சொல்லும். மேலறை என்ன செய்கிறது என்பது அதில் தெரியாது. ஆனால் மேலறை சுருங்கும்போது அதன் அலை கழுத்துச் சிரையில் ஏறித் தெரியும். ஆகவே இரண்டு கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வீட்டின் மாடியில் நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே சமயத்தில் தெரிந்துவிடும். மார்பைத் திறக்காமலே இருதயத்துக்குள் எட்டிப் பார்க்க இது ஒரு ஜன்னல். பின்னால் 1906 வாக்கில், ஷா என்ற கடிகாரக்காரரின் உதவியோடு, நீண்ட காகித நாடாவில் மையினால் எழுதும் கருவியாக அதைத் திருத்தி அமைத்தார். ஒரு டாக்டரும் ஒரு கடிகாரக்காரரும் சேர்ந்து செய்த அந்தச் சின்ன யந்திரம் பல நாடுகளுக்கும் போயிற்று.

இந்தக் கோடுகளிலிருந்து அவர் கண்ட முதல் பெரிய உண்மை, நோயைப் பற்றியது அல்ல. நோய் இல்லாமையைப் பற்றியது. அக்காலத்தில் நாடி ஒழுங்கு தவறித் துடித்தால் உடனே இருதய நோய் என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஓடாதே, ஏறாதே, கல்யாணம் செய்துகொள்ளாதே, படுக்கையை விட்டு எழாதே. மெக்கன்ஸி தம் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். இளம் பிள்ளைகளுக்கு மூச்சோடு சேர்ந்து நாடி வேகமாகவும் மெதுவாகவும் மாறுவது சகஜம். அவர்கள் நன்றாக வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். சிலருக்கு நடுவே ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னால் வந்துவிடும். இருதயம் 'திக்'கென்று ஒரு கணம் நின்றாற்போல இருக்கும். அவர்களில் அநேகர் வருஷக் கணக்கில் தறியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாடி கோணலாக இருப்பதனால் மட்டும் இருதயம் கெட்டுவிட்டதாகாது. அந்த இருதயம் தன் வேலையைச் செய்கிறதா, எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். ஆபத்தான கோணல்களும் உண்டு. எது ஆபத்து, எது வெறும் பூச்சாண்டி என்று பிரித்துச் சொன்னதுதான் அவர் செய்த காரியம்.

இதன் மகிமை எனக்கு நன்றாகப் புரிகிறது. என் சொந்தத்தில் பெரியப்பா ஒருவர் இருந்தார். இருபது வயதில் ஓர் உத்தியோகத்துக்காக உடம்பைக் காட்டப் போனபோது, "உன் இருதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது" என்று யாரோ ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். உத்தியோகம் போனதோடு நிற்கவில்லை. அன்று முதல் அவர் மாடிப்படி ஏறியதில்லை, குளத்தில் இறங்கியதில்லை, பேரக் குழந்தையைத் தூக்கியதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, இன்றோ நாளையோ என்று காத்திருந்து, 82 வயதில், இருதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காய்ச்சலில் இறந்துபோனார். ஒரு வாக்கியம் ஒரு மனிதனை அறுபது வருஷம் கட்டிப் போட்டுவிட்டது. அந்தக் கட்டை அவிழ்க்க ஓர் ஆளும் அகப்படவில்லை. மெக்கன்ஸி தம் காலத்தில் இப்படிப்பட்ட எத்தனையோ திண்ணைகளைக் காலி செய்தார்.

அவருடைய இரண்டாவது பெரிய உண்மை, காத்திருந்ததற்குக் கிடைத்த பரிசு. ருமாட்டிக் ஜுரத்தினால் இருதய வால்வு சுருங்கிப்போன ஒரு பெண்ணை அவர் 1880-லிருந்து கவனித்து வந்தார். கழுத்துச் சிரையில் அவளுடைய மேலறையின் அலை தவறாமல் தெரிந்துகொண்டிருந்தது. பதினைந்து வருஷங்களுக்கு மேல் சென்ற பிறகு ஒரு நாள் அவள் மூச்சுத் திணறலோடு படுத்தாள். நாடி தாறுமாறாகத் துடித்தது. மெக்கன்ஸி கோடு எடுத்துப் பார்த்தார்: மேலறையின் அலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மேலறை சுருங்குவதை நிறுத்திவிட்டது! பதினைந்து வருஷத்துக் கோடுகள் கையில் இல்லாதிருந்தால், அந்த அலை காணாமல் போயிற்று என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு பொருள் தொலைந்தது தெரிய வேண்டுமானால், அது முன்னால் அங்கே இருந்தது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மேலறை ஏன் நின்றது என்பதற்கு அவர் முதலில் சொன்ன விளக்கங்கள் நிலைக்கவில்லை. அவர் ஊக்குவித்து வளர்த்த தாமஸ் லூயிஸ் என்ற இளைஞர், ஹாலந்து தேசத்து ஐந்தோவன் அமைத்த மின் கருவியைக் கொண்டு 1909-ல் உண்மையை நிரூபித்தார். மேலறை நின்றுவிடவில்லை, ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுப் புழுக்கூட்டம் போல நடுங்கிக்கொண்டிருந்தது. வியன்னாவிலும் அதே வருஷம் இருவர் இதையே கண்டார்கள். விளக்கம் மாறினாலும், மெக்கன்ஸி இந்த நிலையைப் பற்றி நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் நிலைத்தது. 1785-லேயே வில்லியம் விதரிங் என்ற ஆங்கில டாக்டர் ஃபாக்ஸ்க்ளோவ் செடியின் இலையைப் பற்றிப் புஸ்தகம் எழுதியிருந்தார். டிஜிடாலிஸ் என்ற அந்த மருந்தை எல்லா இருதயக் கோளாறுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்து வந்தார்கள். மேலறை நடுங்கி, நாடி தறிகெட்டு ஓடும் இந்த நோயாளிகளுக்குத்தான் அது அற்புதமாக வேலை செய்கிறது என்று மெக்கன்ஸி காட்டினார். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரிந்துவிட்டது.

நோயாளி இறந்த பிறகும் அவர் விடவில்லை. இறந்தவர்களின் இருதயங்களை, உயிரோடிருந்தபோது எடுத்த குறிப்புகளோடு சேர்த்து, லண்டனில் இருந்த ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று நிபுணருக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பொட்டலங்கள் கீத்தின் கவனத்தை இருதயத்தின் பக்கம் திருப்பின. அவரும் மார்ட்டின் ஃப்ளாக் என்ற மாணவரும் இருதயத் துடிப்பு புறப்படுகிற இடத்தைக் கண்டுபிடித்து 1907-ல் வெளியிட்டார்கள். அந்தச் சரித்திரப் புகழுக்குப் பின்னால் பர்ன்லித் தபாலாபீசுக்கும் ஒரு பங்கு உண்டு.

1902-ல் மெக்கன்ஸி தம் குறிப்புகளைத் திரட்டி, நாடியைப் பற்றிய ஒரு புஸ்தகமாக வெளியிட்டார். தம் நாட்டில் அதற்கு முன்பே சில கட்டுரைகள் எழுதியிருந்தார். அதிகம் பேர் கவனிக்கவில்லை. மில் ஊர் டாக்டர் எழுதுவதை லண்டன் ஏன் படிக்க வேண்டும்? ஆனால் வெளிநாட்டார் படித்தார்கள். 1904-ல் ஜெர்மன் மொழியில் வந்தது. ஹாலந்திலிருந்து வெங்கெபாக் என்ற புகழ்பெற்ற டாக்டர் அவரைத் தேடிக்கொண்டு பர்ன்லிக்கே வந்தார். உள்ளூர்க்காரனின் பெருமை அயலூர்க்காரன் வந்து சொன்ன பிறகே நமக்குத் தெரிகிறது என்பது நம் தேசத்துக்கு மட்டும் உரிய குணம் அல்ல போலிருக்கிறது.

1907-ல், 54 வயதில், நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு மெக்கன்ஸி லண்டனுக்குக் குடிபோனார். ஹார்லி தெரு வட்டாரத்தில் அறை எடுத்து, இருதய நோய்க்கு மட்டும் ஆலோசனை சொல்லும் டாக்டராக அமர்ந்தார். இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை அறிய, லண்டனில் அந்தத் தொழில் நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நேராக நோயாளி வருவதில்லை. ஊர் டாக்டர்கள்தாம் அனுப்ப வேண்டும். ஊர் டாக்டர்கள் தங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆஸ்பத்திரி ஆசிரியர்களுக்கே அனுப்புவார்கள். ஆகவே பெரிய போதனை ஆஸ்பத்திரியில் சம்பளம் இல்லாமலாவது ஓர் இடம் பிடித்து, பல வருஷம் மாணவர்களை உருவாக்கி, அந்த மாணவர்கள் நாலா பக்கமும் போய்த் தொழில் தொடங்கி நோயாளிகளை அனுப்ப ஆரம்பிக்கும்போதுதான் வருமானம் வரும். மெக்கன்ஸிக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, மாணவரும் இல்லை, லண்டன் நடை உடை பேச்சும் இல்லை. ஆரம்ப நாட்களில் அவருடைய அறை காலியாகவே கிடந்தது.

ஆனால் அவர் அறியாமலே அவருக்கு மாணவர்கள் உண்டாகியிருந்தார்கள். அவர் எழுதியது ஊர் டாக்டர்களுக்குப் புரிந்தது; ஏனென்றால் அது ஓர் ஊர் டாக்டர் எழுதியது. 1908-ல் இருதய நோய்களைப் பற்றிய அவருடைய பெரிய புஸ்தகம் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் தங்களுக்குப் புரிபடாத நோயாளிகளை அவரிடம் அனுப்பலானார்கள். சில வருஷங்களுக்குள் லண்டனில் மிகவும் நாடப்பட்ட இருதய டாக்டர்களில் ஒருவராகிவிட்டார். 1913-ல் லண்டன் ஹாஸ்பிட்டலில் இருதயப் பிரிவின் பொறுப்பு வந்தது. 1915-ல் 'சர்' பட்டமும் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவியும் வந்தன. பதவி வந்து தொழில் வளர்வதுதான் உலக வழக்கம். அவர் விஷயத்தில் தொழில் வளர்ந்த பிறகு பதவி வந்தது.

அந்த அறையில் அவர் விற்றது என்ன? மருந்து அல்ல. அவர் மருந்துகளை அதிகம் நம்பியவர் அல்ல. உனக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பார் என்று சொல்லும் தைரியத்தை விற்றார். இதைச் சொல்லுவது சுலபம் என்று நினைக்கிறோம். நோய் இருக்கிறது என்று சொல்லித் தவறிப்போனால் டாக்டரை யாரும் குறை கூறுவதில்லை. எச்சரிக்கையாக இருந்தார் என்பார்கள். நோய் இல்லை என்று சொல்லித் தவறிப்போனால் பெயரே கெட்டுவிடும். ஆகவே பயமுறுத்துவது டாக்டருக்குப் பத்திரமான தொழில். மெக்கன்ஸி பயத்தைப் போக்கினார் என்றால், பர்ன்லியில் அதே மாதிரி நாடியோடு இருபது வருஷம் நன்றாக வாழ்ந்தவர்களை அவர் கண்ணால் பார்த்திருந்ததே காரணம். முதல் உலக யுத்தத்தில், இருதயம் கெட்டுவிட்டதென்று ஆயிரக்கணக்கான சிப்பாய்களைத் திருப்பி அனுப்பியபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு இருதய நோயே இல்லை என்று அவரும் லூயிஸும் எடுத்துக் காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேகப் பயிற்சி கொடுத்தே பலரைத் தேற்றினார்கள்.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் அது வெற்றி பெற்ற ஒருவரின் கதையாக இருந்திருக்கும். அதற்குப் பின் நடந்ததுதான் என்னை அவரிடம் கட்டிப் போட்டது. 1918-ல், வருமானமும் புகழும் உச்சியில் இருந்தபோது, அவர் லண்டன் தொழிலைக் கைவிட்டார். ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். காரணம் எதுவென்று அவருடைய எழுத்துக்களிலேயே தெரிகிறது. லண்டன் அறையில் ஒரு நோயாளியை அவர் ஒரு முறை பார்த்தார், மிஞ்சினால் இரு முறை. அவரும் மற்ற நிபுணர்களைப் போல, கிழித்த நாலு பக்கங்களைப் படிக்கிறவராகிவிட்டார். எந்தப் பார்வை அவரைப் பெரியவராக்கிற்றோ, அந்தப் பார்வையை அவருடைய வெற்றியே பறித்துக்கொண்டது.

செயிண்ட் ஆண்ட்ரூஸில் 1919-ல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அந்த ஊர் டாக்டர்களையே கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். ஊர் ஜனங்களுக்குக் குழந்தைப் பருவத்திலிருந்து வருகிற சின்னச் சின்ன உபாதைகளைக்கூட எழுதி வைப்பது, அவர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்று பார்ப்பது. நோய் முளைவிடும்போதே அதைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஐம்பது வருஷம் கழித்துப் பலன் தரும் மரத்தை அறுபத்தைந்து வயதில் நட்டார். அவர் காலத்துக்குப் பிறகு நிலையம் வெகு காலம் தழைக்கவில்லை.

அவரைத் தேவதையாக்க எனக்கு விருப்பம் இல்லை. வயதாக ஆக, கருவிகளின் மேல் அவருக்கு அவநம்பிக்கை முற்றியது. விரலும் கண்ணும் போதும், ஊர் டாக்டருக்கு யந்திரம் வேண்டாம் என்று வாதாடினார். லூயிஸ் போன பாதையில் இருதய மின்கோடு எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர் உணரவில்லை. மார்பு வலி வருவது இருதயத் தசை களைத்துப்போவதனால்தான் என்று அவர் அழுத்திச் சொன்னார். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைபட்டும் மனிதன் பிழைத்திருக்கலாம் என்று அமெரிக்காவில் ஹெரிக் என்பவர் 1912-லேயே எழுதியிருந்தார். அந்த வழியில்தான் பின்னால் உலகம் போயிற்று. இன்று அடைப்பைக் கண்டு, அதை நீக்கி, மனிதனை எழுப்பி உட்கார வைக்கிறார்கள் என்றால் அது கருவிகளின் தயவு. இதை மறுப்பது நன்றி கெட்ட செயல்.

ஆனாலும் அவருடைய கடைசி வருஷங்களின் இரண்டு காரியங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1921-ல், இருதய நோயும் கர்ப்பமும் என்ற பொருள் பற்றி அவர் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். எந்தப் பெண் பயமில்லாமல் பிள்ளை பெறலாம், யாருக்கு ஆபத்து என்பதுதான் விஷயம். பர்ன்லியில் இளைஞனாக அவர் கேட்ட கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்து, 68 வயதில், பதில் எழுதினார். இரண்டாவது, மார்பு வலியைப் பற்றி 1923-ல் எழுதிய புஸ்தகத்தில், பெயர் சொல்லாத ஒரு டாக்டரின் நோய்க் குறிப்பு இருக்கிறது. அது அவருடைய சொந்தக் குறிப்பு. பல வருஷங்களாக அவருக்கே அந்த வலி இருந்தது. மற்றவர்களைக் குறித்துக்கொண்டது போலவே தம்மையும் குறித்துக்கொண்டிருந்தார். 1925 ஜனவரியில் அந்த நோயினாலேயே இறந்தார். அவர் விருப்பப்படி அவர் இருதயத்தை எடுத்துப் பரிசோதித்தார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் அதைப் பாதுகாத்தும் வைத்தார்கள்.

1948-ல் அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு இருதய நோய் வருவதற்கு முன்பிருந்தே வருஷக் கணக்கில் கவனித்துக் குறித்து வைக்க ஆரம்பித்தார்கள். ரத்த அழுத்தம், புகை, கொழுப்பு இவையெல்லாம் இருதயத்துக்கு ஆபத்து என்று இன்று குழந்தைகூடச் சொல்லுகிறதே, அதில் பெரும் பகுதி அந்த ஊர்க்காரர்களிடமிருந்து கற்றது. மெக்கன்ஸியின் நிலையத்துக்கும் அதற்கும் நேர் உறவு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணம் ஒன்றுதான்: ஒரே மனிதரை நெடுங்காலம் பார்ப்பது.

இன்று நாம் மார்பைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு மணி நேரத்துக்குள் பர்ன்லி டாக்டர் ஆயுள் முழுவதும் அறிய முடியாததை நம் இருதயத்தைப் பற்றி அறிந்துவிடுகிறார்கள். மிகவும் நல்லது. ஆனால் போன வருஷம் நாம் எப்படி இருந்தோம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பழைய காகிதங்களைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு, நம் கதையை நாமே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு இரண்டு பேரும் வேண்டும். ஆபத்து வந்தால் யந்திரம் வைத்திருக்கிறவரிடம் ஓட வேண்டும். ஆபத்து இல்லாத நாளில், "இது உனக்குப் பத்து வருஷமாக இருப்பதுதான் அப்பா, போய் வேலையைப் பார்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இன்னும் இருந்தால், அவருக்குக் கைராசி என்று சொல்லுகிறவர்களை நான் மறுக்க மாட்டேன். அவர் மேஜை இழுப்பறையில் உங்கள் பெயர் எழுதிய ஒரு பழைய நோட்டுப் புஸ்தகம் இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.